ஆட்சேபணை ஏதும் வரவில்லை

நகரமைப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வருடத்திலேயே நீங்கள் ஒரு வரி எழுதுவீர்கள்: "உரிய காலத்துக்குள் பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை ஏதும் வரவில்லை." இதை எழுதும்போது பேனா ஓடும் வேகமே தனி. விசாரணை இல்லை, வாய்தா இல்லை, வக்கீல் இல்லை. கோப்பு அடுத்த மேசைக்குப் போய்விடும், நீங்கள் டீ குடிக்கப் போகலாம். நான் அந்த வரியை முதன்முதலாக எழுதியபோது அது பொய்யாக இருந்தது. எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைப் பெரிய சமாதானமாக நான் இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கடலூர் அலுவலகத்தில் வேலை. அண்ணாமலை நகரில் ஆண்டுக்கு ஆண்டு கட்டடங்கள் கூடிக்கொண்டிருந்தன. குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் சிதம்பரத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் வாடகைக்கு வீடு தேடினார்கள். அப்படிப் பெருத்துக்கொண்டிருந்த ஊர்களில் ஒன்று, பரங்கிப்பேட்டை போகும் வழியில் இருந்தது. பெயர் வேண்டாம். பாதிக்கு மேல் முஸ்லிம் குடும்பங்கள். ஆண்களில் பலர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். கண்ட இடத்தில் கடை, கண்ட இடத்தில் லாட்ஜ் என்று ஊர் கலைவதற்குள், நடுவில் ஒரு மையம் அமைத்துவிட வேண்டும் என்பது திட்டம். பஸ் நிற்க ஓர் இடம், சந்தைத் திடல், தபாலாபீஸ், மருந்தகம், சுற்றிலும் கடைகள். மெயின் ரோட்டிலிருந்து சந்தைத் திடலுக்கு முப்பதடியில் புதிய சாலை. வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம். வண்ணம் தீட்டி முடித்து நிமிர்ந்தபோது, ஊரே சரியாகிவிட்டது போல எனக்கு இருந்தது.

ஊர்க் கூட்டம் பஞ்சாயத்து அலுவலகத்தில் நடந்தது. நாற்பது ஆண்கள் வந்திருந்தார்கள். நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். வரைபடத்தைச் சுவரில் மாட்டி அரைமணி நேரம் பேசினேன். பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து, "சார் மெனக்கெட்டு வந்திருக்காரு. நம்ம ஊருக்கு நல்லதுதான் செய்யிறாங்க. யாருக்காச்சும் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில், தேடி வந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குப் பேச்சுத்திறமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சட்டப்படி அறிவிப்பு ஒட்டினோம். ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் அனுப்பலாம் என்று கெடு வைத்தோம். கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது தபாலில் ஒரு கவர் வந்தது. மேலே தமிழில் எங்கள் அலுவலக முகவரி. உள்ளே நான்காக மடித்த தாள், இரண்டு பக்கமும் நெருக்கமான அரபு எழுத்து. எங்கள் பியூன் கோவிந்தசாமி அதைப் பிரித்துப் பார்த்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டான். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சார், இது அவுங்க சாமி எழுத்து. இதும்மேல முத்திர குத்தலாமா?"

"எங்கிருந்து வந்திருக்கு?"

"அந்த ஊருதான் சார். வேல நல்லபடியா முடியணும்னு ஓதி அனுப்பியிருக்காங்க போலருக்கு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பட்டம் பெற்றவன், நான்கு பேருக்கு மேலே உட்கார்ந்திருப்பவன், நான்தான் சொன்னேன்: "குத்த வேணாம். மரியாதையா ஒரு எடத்துல வை." கோவிந்தசாமி பீரோ மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்தான். கவர் குப்பைக்குப் போயிற்று. வரவுப் பதிவேட்டில் ஒன்றும் ஏறவில்லை. கெடு முடிந்தது. நான் அந்த வரியை எழுதினேன். கோப்பு சென்னைக்குப் போயிற்று.

சென்னையிலிருந்து அனுமதி வருவதற்கு முன்பே சாலையின் கோட்டைத் தரையில் குறித்து வைக்கும்படி எங்கள் அதிகாரி சொன்னார். ஆட்களோடு போய்க் கல் நட்டோம். மறுநாள் காலையில் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு பகுதியில் மட்டும் பதினொரு கல்லைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் கல்லெல்லாம் பஞ்சாயத்து அலுவலகச் சுவரோரமாக வரிசையாக அடுக்கியிருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. மண்ணைத் தட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். திரும்ப நட்டோம். அடுத்த நாளும் அதே சுவர், அதே வரிசை.

தலைவரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று தரையைப் பார்த்தார். டீக்கடையில் கேட்டேன். பேச்சை மாற்றினார்கள். மூன்றாம் முறையும் கல் சுவரோரம் போய்ச் சேர்ந்தபோது எங்கள் அதிகாரி கோபத்தில் சிவந்துவிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள கல்லு நிக்கணும்யா. இல்லேன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துடு. நாலு பேரைத் தூக்கிட்டுப் போனா தன்னால நிக்கும்."

புகார் எழுத ஐந்து நிமிடம் போதும். யாரைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று தெரியாமல் எழுத எனக்குக் கை வரவில்லை. அது நல்ல குணம் என்று எண்ணிவிடாதீர்கள். துடைத்து அடுக்கியிருந்த அந்தக் கற்கள்தான் என்னை உறுத்தின. ரௌடித்தனம் செய்கிறவன் கல்லைத் துடைத்து வைக்க மாட்டான்.

அந்த ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் போய்வரக்கூடிய அரசு ஊழியர் ஒருவர்தான். துணைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா. நாகர்கோவில் பக்கத்துக்காரர், பிரசவம் பார்ப்பவர். அவரிடம் போய் நின்றேன். அவர் நிதானமாகக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சா சார்? வாங்க, அவுங்களே சொல்லுவாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுகாதார நிலையத்தில் ஒரு பழைய போர்வையைக் குறுக்கே கட்டினார். இந்தப் பக்கம் நானும் என் வரைபடமும். அந்தப் பக்கம் பெண்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை. வளையல் சத்தத்தை வைத்துப் பார்த்தால் இருபது பேராவது இருக்கும்.

"கல்லைப் புடுங்குனது யாரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது.

"நாங்கதான்" என்றது வயதான ஒரு குரல். சபுரா பீவி என்று பிறகு தெரிந்துகொண்டேன். "ஒங்க வேலைக்கி எடஞ்சல் பண்ணணும்னு இல்ல தம்பி. அது எங்க சந்து."

எந்தச் சந்து? என் வரைபடத்தில் அங்கே சந்து எதுவும் இல்லை. வீடுகளின் பின்பக்கம், கொல்லைச் சுவர்கள், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. வரைபடத்தைப் போர்வைக்கு அடியில் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன். நர்ஸம்மா எது எந்தத் தெரு என்று அவர்களுக்குக் காட்டும் குரல் கேட்டது. வரைபடம் திரும்பி வந்தபோது அதன்மேல் புளியங்கொட்டைகள் வரிசையாக இருந்தன. பதினான்கு வீடுகளின் கொல்லை வழியாக, கதவிலிருந்து கதவுக்கு, கிணற்றடியைத் தொட்டுக்கொண்டு, குளத்துப் படித்துறை வரைக்கும் ஒரு பாதை. ஆண்கள் நடமாடும் தெருவில் இறங்காமல் பெண்கள் போய்வரும் வழி அது. பிரசவத்துக்கு ஓடுவதும், மவுத்து என்றால் சாவு வீட்டுக்குப் போவதும், தண்ணீர் எடுப்பதும் அதன் வழியாகத்தான். என் முப்பதடிச் சாலை அதை நடுவில் வெட்டிக்கொண்டு போயிற்று.

"கூட்டத்துல உங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் சொல்லலையே?"

"எங்க பொம்பளைங்க இந்தப் பக்கமா போவாங்க வருவாங்கன்னு அத்தனை பேரு முன்னால எப்புடிச் சொல்லுவாங்க? கையெழுத்துப் போட்டுட்டு வந்து, சொன்ன சொல்ல மாத்த முடியாதுன்னுட்டாங்க. அதான் நாங்களே எழுதுனோம்."

"எழுதினீங்களா?"

"காயிதம் அனுப்புனமே தம்பி. பதிலு வரும் வரும்னு பாத்தோம். வரல. கல்லு வந்துச்சு."

நர்ஸம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாந்தான் சார் கவர் மேல அட்ரஸ் எழுதினேன். உள்ளயும் நானே எழுதிக் குடுத்தா, கவருமெண்டு ஆளு மனு எழுதலாமான்னு என்னய மாத்திடுவாங்க. அவுங்களுக்கு எழுதத் தெரியும். அரபுத் தமிழ்தான் தெரியும்."

அரபு எழுத்தில் தமிழை எழுதும் வழக்கம் ஒன்று உண்டு என்பதும், தமிழ் எழுத்துப் படிக்காத அந்த ஊர்ப் பெண்கள் பலர் அதில் கடிதமே எழுதுவார்கள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அறிவிப்பைத் தமிழில் ஒட்டிவிட்டு, ஊர் முழுக்கப் படித்துவிட்டது என்று இருந்தவன் நான். முகம் எரிந்தது. போர்வை இருந்தது நல்லதாகப் போயிற்று.

அடுத்த நாள் பீரோ மேலிருந்த தாளை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். போர்வைக்கு அடியில் தள்ளினேன். சபுரா பீவி அதை வாசித்தார். ஓதல் ஒன்றும் இல்லை. சுத்தமான மனு. எந்த வீட்டின் கொல்லை, யார் வீடு, எந்தக் கிணறு, சாலையைக் குளத்துக்கு அந்தப் பக்கமாகக் கொண்டுபோனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்ற யோசனை, சந்தையும் மருந்தகமும் எங்களுக்கும் வேண்டும் என்ற வரி, கீழே பதினேழு பெயர். என் அறிக்கையைவிட நன்றாக இருந்தது. என் அறிக்கையில் எங்கும் இல்லாத ஒன்று அதில் இருந்தது: அந்த வீடுகள் ஆண்களுடையவை அல்ல. அங்கே பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். எங்கள் வரிப் பதிவேடு கணவன்மார் பெயரைக் காட்டியது, நாங்களும் அவர்களிடமே கேட்டோம்.

வாசித்து முடித்த பிறகு சபுரா பீவியின் குரல் தணிந்தது.

"இன்னொண்ணு தம்பி. எம்பொண்ணுக்கு நிக்காஹ் பேசியாச்சு. ரெண்டு மாசத்துல வைக்கணும். அவளுக்குன்னு குடுக்குறது இந்த வீடுதான். ஒங்க கல்லுக் கோடு நடு ரூம் வழியாத்தான் போவுது. மாப்ள வீட்டுல கேட்டு அனுப்பிச்சிட்டாங்க, வீடு இருக்குமா இருக்காதான்னு. நான் என்னான்னு சொல்லட்டும்?"

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். அதிகாரிகள் சுலபமாகச் சொல்லிவிடுகிற வார்த்தை அது.

கடலூர் திரும்பி எங்கள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"மனுவுல முத்திரை இருக்கா?"

"இல்ல சார்."

"ரெஜிஸ்டர்ல?"

"இல்ல."

"கவரு?"

"குப்பைக்குப் போயிடுச்சு."

"அப்ப மனுன்னு ஒண்ணு வரவே இல்ல. அந்தம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துடு. கோப்பு இன்னும் மெட்ராஸ்ல மேசை மேலதான் கெடக்கு. நான் போறேன். ரோட்டை இருபதடி கிழக்கால தள்ளி, தொழில்நுட்பக் காரணம்னு ஒரு வரி எழுதிட்டு வந்துடறேன். ஒரு வாரம். கல்யாண வீடு தப்பிச்சிடும். ஒனக்கும் சேதாரம் இல்ல."

"சந்து சார்?"

"சந்து போவும். எல்லாத்தையும் காப்பாத்த முடியாதுய்யா. மனுவைப் பதிவு பண்ணேன்னா கோப்பு திரும்பி வரும், ஒன்னைய விளக்கம் கேப்பாங்க, புதுசா அறிவிப்பு, புதுசா கெடு, புதுசா விசாரணை. ஆறு மாசத்துக்கு ஜாஸ்தியா ஆவும். யோசிச்சுச் சொல்லு."

உங்கள் பணிக்காலத்தில் இப்படி ஒரு அறையும், இப்படி ஒரு கதவும் உங்களுக்கும் கிடைக்கும். ஒரு பக்கம் ஒரு வீடு, ஒரு வாரம். இன்னொரு பக்கம் பதினான்கு வீட்டுச் சந்து, பதினேழு பேர் எழுதிய மனு, எத்தனை மாதம் என்று தெரியாத நடை. நான் பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் மேசைக்குப் போய் எழுதினேன்: மனு உரிய காலத்துக்குள் வந்தது, அதைப் பதிவு செய்யாதது என் தவறு, ஆட்சேபணை ஏதும் வரவில்லை என்று நான் எழுதியது உண்மையல்ல. கோவிந்தசாமியின் பெயரை எங்கும் எழுதவில்லை. அன்று எனக்கு என்மேல் உண்டான மரியாதையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதிகாரி சொன்னபடியே நடந்தது. கோப்பு திரும்பி வந்தது. எனக்கு விளக்கக் குறிப்பாணை வந்தது, ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. புது அறிவிப்பை அரபுத் தமிழிலும் எழுதவைத்து நர்ஸம்மா மூலம் வீடு வீடாக அனுப்பினேன். விசாரணையைச் சுகாதார நிலையத்தில் போர்வை கட்டி நடத்தினேன். துறையில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சாலை குளத்துக்கு அந்தப் பக்கம் போயிற்று. பஸ் நிறுத்தமும் சந்தையும் அங்கேதான் வந்தன. சந்து, பெண்கள் புழங்கும் பொதுப் பாதை என்று வரைபடத்தில் முதன்முறையாகக் கோடாக ஏறியது. அந்தத் திட்டத்தைப் பிற்காலத்தில் பயிற்சி வகுப்புகளில் நல்ல உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். நானே காட்டியிருக்கிறேன்.

அங்கே நான் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

இறுதி ஆணை வர எட்டு மாதம் ஆயிற்று. நடுவில் மாப்பிள்ளை வீட்டுக்கு நான் ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன், வீடு போகாது, கொஞ்சம் பொறுங்கள் என்று. அவர்கள் காகிதம் கேட்டார்கள். என்னிடம் காகிதம் இல்லை. அதற்கப்புறம் வேலை மும்முரத்தில் நான் விசாரிக்கவில்லை. ஆணை கைக்கு வந்த அன்றே பஸ் பிடித்துப் போனேன். நர்ஸம்மா போர்வையைக் கட்டினார். அவர் முகம் வழக்கம்போல இல்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் நின்று கேட்கவில்லை. ஆணையை முழுவதும் சத்தமாக வாசித்தேன்.

"ரொம்ப நல்லதுங்க தம்பி" என்றார் சபுரா பீவி. "சந்து நின்னுடுச்சு. வீடும் நின்னுடுச்சு. அல்லா ஒங்கள நல்லா வைக்கணும்."

"நிக்காஹ் எப்பம்மா?"

சபுரா பீவிதான் சொன்னார்.

"மாப்ளக்கி போன மாசம் வேற எடத்துல முடிஞ்சிபோச்சு தம்பி. அவுங்களச் சொல்லியும் குத்தம் இல்ல. எத்தினி நாளு காத்திருப்பாங்க?"

ஏன் சொன்னேன் என்று தெரியாது, அன்று கதவைச் சாத்தச் சொல்லி அதிகாரி என்னிடம் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு வாரத்தில் வீட்டை மட்டும் காப்பாற்ற ஒரு வழி இருந்தது, நான்தான் வேண்டாம் என்றேன், சந்துக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்றேன். மன்னிப்புக் கேட்டேனா, நியாயம் சொன்னேனா என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது வேறொரு குரல் பேசியது. இளம் குரல், அதுவரை நான் கேட்காதது.

"அந்தக் காயிதத்த எழுதுனது நாந்தாங்க. உம்மா சொல்லச் சொல்ல எழுதுனேன்."

மணப்பெண் என்று புரிந்தது. அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. பதினேழு கையெழுத்தில் எது அவளுடையது என்றும் எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டேன்: "அன்னிக்கு உங்ககிட்ட வந்து, வீடா சந்தான்னு நான் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

வெளியே மெயின் ரோட்டில் சிதம்பரம் பஸ் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, கிளம்பிப் போயிற்று.

"தெரியலைங்க" என்றாள். "கேட்டிருந்தா ஒக்காந்து யோசிச்சிருப்பேன்."